லாரா: ராத்திரியை ஆமைகளுக்கு விட்டுவிட்ட கடற்கரை

நாள் 1: லிமசோலிலிருந்து பெயியா

அண்ணன் சைப்ரஸுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. உலகம் முழுக்க ஓடும் கப்பல்களைக் கரையில் உட்கார்ந்தே நிர்வகிக்கும் கம்பெனிகள் லிமசோல் நகரத்தில் நிறைய உண்டு, கப்பலில் இன்ஜினியராகப் போன நம்மூர்ப் பையன்கள் சிலர் கடைசியில் இங்கே வந்து கரை இறங்கிவிடுகிறார்கள், அண்ணனும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவான், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று வந்து தடுக்கும். இந்த ஆகஸ்ட் கடைசியில் ஒருவழியாக வந்தேவிட்டேன். அண்ணி வைத்த ரசத்தில் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் சொல்லிவிட்டேன்: ஊர் சுற்றிப் பார்க்க வேண்டாம், கடைவீதி வேண்டாம், லாரா கடற்கரைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போ, அதுவும் ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இல்லாமல்.

ஏன் லாரா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு திருவான்மியூரில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரி ஆமை நடைக்குப் போவது கல்லூரி நாளிலிருந்து பழக்கம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் விடாமல் செய்துவரும் வேலை அது; நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆமைகள் முட்டையிட்டுப் போனதும் அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வைப்பார்கள். 2025 ஜனவரியில் அதே கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தவற்றை நானே நேரில் பார்த்தேன். இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாகும் ஆமைக்கு அப்படித்தான் ஆகும். அதற்கப்புறம் சில மாதம் கடற்கரைப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் லாராவைப் பற்றிப் படித்தேன். மத்தியதரைக் கடலில் இருக்கும் ஒரு தீவு, சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவு, அது தன் மிக நல்ல கடற்கரைகளில் ஒன்றை ஹோட்டலுக்குக் கொடுக்காமல் ஆமைக்குக் கொடுத்திருக்கிறது. அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

லிமசோலிலிருந்து பாஃபோஸ் வரை நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் கூட இல்லை. நம்மூர் மாதிரியே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், பிரிட்டிஷார் விட்டுப்போன பழக்கம். பாதி வழியில் பழைய சாலைக்கு இறங்கி, அஃப்ரொடைட்டி கடல் நுரையிலிருந்து பிறந்து கரையேறியதாகக் கதை சொல்லும் பாறையைப் பார்த்தோம். அழகான இடம்தான், ஆனால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

பெயியா மலைச்சரிவில் இருக்கும் ஊர். ஊரைச் சுற்றி வாழைத்தோப்பு! இந்தக் காய்ந்த தீவில் வாழையைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. குட்டையான மரம், சின்னச் சின்னப் பழம், இனிப்பு தூக்கலாக இருக்கிறது.

இப்போது தங்கியிருக்கும் வீட்டின் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே மேற்கில் கடல். இடதுபக்கம் பாஃபோஸ் வரைக்கும் கரை நெடுக விளக்கு, மாலை போட்ட மாதிரி. வலதுபக்கம் கொஞ்ச தூரம் வரை விளக்குகள், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கடல் எங்கே முடிகிறது, நிலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத அளவுக்கு இருட்டு. அண்ணன் அந்தப் பக்கம் கையைக் காட்டி, “அந்த இருட்டுதான் நாளைக்கு நாம போற இடம்” என்றான்.

நாள் 2: போகமுடியாமல் போன நாள்

லாராவுக்கு இன்று போய்ச் சேரவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் ஒரு ஜீப் வாடகைக்கு எடுத்தோம். அண்ணனுடைய கார் அந்தப் பாதையில் தாங்காது. காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதே, டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் காப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று கிளம்பினோம்.

வழியில் ஒரு சரக்குக் கப்பல் கரைப் பாறையில் சாய்ந்து நிற்கிறது. எட்ரோ 3 என்று பெயர். 2011இல் லிமசோலிலிருந்து ரோட்ஸ் தீவுக்குச் சுவர்ப் பலகைகள் ஏற்றிக்கொண்டு போகும்போது புயல் காற்றில் இங்கே வந்து தரை தட்டியது. மாலுமிகளைக் காப்பாற்றிவிட்டார்கள், கப்பலை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எடுக்கவில்லை. “உள்ள இன்ஜின் ரூம்ல அந்த நேரம் யாரு நின்னுட்டிருந்தானோ” என்று மட்டும் சொன்னான். கப்பலில் பதினோரு வருஷம் இருந்தவன். நானும் செல்போனை எடுக்காமல் பையிலேயே வைத்துவிட்டேன்.

அதைத் தாண்டி ஆயியோஸ் ஜார்ஜியோஸ், அதாவது புனித ஜார்ஜ். மேலே தேவாலயம், ஆறாம் நூற்றாண்டுப் பெரிய ஆலயத்தின் இடிபாடு, பாறையைக் குடைந்த கல்லறைகள், கீழே சின்ன மீன்பிடித் துறைமுகம், எதிரே ஆள் இல்லாத யெரோனிசோஸ் என்ற குட்டித் தீவு. தார்ச்சாலை இங்கே முடிந்துவிடுகிறது. இங்கிருந்து லாராவுக்கு எட்டு கிலோமீட்டர் போல இருக்கும், எல்லாம் மண்பாதை. செம்மண், கூரான சுண்ணாம்புக் கல், மழைநீர் அறுத்துப்போட்ட பள்ளம். எதிரே மண்பாதை வண்டிகளில் கூட்டமாக வந்தவர்கள் தாண்டிப் போனால் அஞ்சு நிமிஷத்துக்குப் பாதையே தெரியாது, அவ்வளவு புழுதி. அவாகாஸ் பள்ளத்தாக்குக்குத் திரும்பும் இடத்தைப் பார்த்தோம், பாறை விழும் அபாயம் உண்டு என்பதால் உள்ளே போகவில்லை. டொக்ஸெஃப்ட்ரா கடற்கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்பக்க டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கினால் அதில் காற்றே இல்லை. ஜாக்கிக்குக் கைப்பிடியைக் காணோம். கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் சிக்னல் வந்து வந்து போகிறது, கிடைத்தபோதும் “சாயங்காலம் ஆகும்” என்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நடுவெயில், நிழல் என்று பார்த்தால் சரிவில் நின்ற ஒரே ஒரு மரம்தான்.

அந்த மரத்தடியில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது, எழுபத்தைந்து வயது இருக்கும். நீளக் கழியால் மரத்தை அடித்துக்கொண்டிருந்தார், கறுப்புக் கறுப்பாகக் காய்கள் விரித்திருந்த துணியில் விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் வருவதைப் பார்த்ததும் கழியைக் கீழே போட்டுவிட்டு, “கோப்பியாஸ்தே” என்றார். வாங்க, வந்து உட்காருங்க என்று அர்த்தமாம். சாப்பிடும்போது யாராவது வந்தாலும் இவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அவருடைய பிக்கப் வண்டியில் கை பம்பும் ஜாக்கியும் இருந்தன. அண்ணனும் அவரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் சரி செய்தார்கள்.

அந்தக் காய் கரோப். இங்கே தெராட்சியா என்கிறார்கள். பார்க்க முற்றிய புளியம்பழம் போல, ஆனால் தட்டையாக, பளபளப்பாக, கையில் எடுத்தால் தோல்வார் மாதிரி கெட்டியாக இருக்கிறது. ஒடித்தால் உள்ளே தேன் நிறம், வாசனை மட்டும் ஏதோ புளித்த மாதிரி ஒரு முரட்டு வாசனை, வாயில் போட்டு மென்றால் பேரீச்சையும் கருப்பட்டியும் சேர்ந்த ருசி. விதை கல் மாதிரி இருக்கும், ஆனால் எல்லா விதையும் பார்வைக்கு ஒரே அளவு. தங்கத்துக்கும் வைரத்துக்கும் காரட் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இந்த விதையின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். ஒருகாலத்தில் இந்தத் தீவின் முக்கியமான ஏற்றுமதி இது, கறுப்புத் தங்கம் என்றே சொல்வார்களாம். பெரியவர் ஒரு பை நிறையக் கொடுத்தார்.

அவருக்கு ஊர் இனியா, லாராவுக்கு மேலே மலையில் இருக்கும் கிராமம். நான் ஆமை பார்க்கப் போவதாகச் சொன்னேன். சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றது. “கோரி மூ” என்று ஆரம்பித்தார், மகளே என்று அர்த்தம். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்: தெற்கே கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஹோட்டல்காரர்களுக்கு விற்றுப் பணக்காரர் ஆனார்கள். எங்கள் நிலத்தில் மட்டும் ஒரு செங்கல் வைக்கக்கூடாது. பிள்ளைகள் எல்லாம் லிமசோலுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள், ஊரில் கிழடுகள்தான் மிச்சம். ஆமை நல்லா இருக்கட்டும், எங்களையும் யாராவது நினைக்க வேண்டாமா?

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. லாரா இருக்கும் இந்த அக்காமாஸ் தீபகற்பத்தை அப்படியே வைத்திருப்பதா, சாலை போட்டு வீடு கட்ட விடுவதா என்று இந்த நாட்டில் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதை யோசிக்கவே அவசியம் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போதும் கரை அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்றும் தோன்றுகிறது. வெறும் வாழ்த்துச் சொன்னால் போதாது.

மாற்று டயர் இல்லாமல் மேலே போவது புத்திசாலித்தனம் இல்லை என்று அண்ணன் வண்டியைத் திருப்பிவிட்டான். நாளைக்குப் பார்க்கலாம்.

நாள் 3: லாரா

வேறு இடத்தில் வேறு ஜீப். கிளம்பும் முன்னால் அண்ணன் மாற்று டயரை ஏறி மிதித்துப் பார்த்தான், ஜாக்கியை எடுத்து இறக்கி ஏற்றிப் பார்த்தான்.

பாதை ஒரு மேட்டில் ஏறியதும் கீழே தெரிந்தது. ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அதன் வடக்கே பிறை மாதிரி வளைந்த மணல். மணலுக்குப் பின்னால் தாழ்ந்த புதர்கள், அதற்குப் பின்னால் மலை. ஒரு கட்டடம் கிடையாது, ஒரு மின்கம்பம் கிடையாது. கடல் கரையோரம் நிறமே இல்லாமல், கொஞ்சம் தள்ளிப் பச்சையாக, அதற்கும் அப்பால் மயில் கழுத்து நீலமாக இருந்தது. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்க வேண்டும், மணலில் வண்டி ஏற்றக்கூடாது. இறங்கும் வழியெல்லாம் காட்டுத் துளசி மாதிரி ஒரு வாசனை. தைம் செடி, காலில் பட்டாலே மணக்கிறது.

கரையில் அப்போது எங்களையும் சேர்த்துப் பதினேழு பேர். எண்ணினேன். ஒரு கிலோமீட்டர் மணலுக்குப் பதினேழு பேர், அதுவும் ஆகஸ்டில்!

முதலில் கண்ணில் பட்டது மணல்மேல் கிடந்த பழுப்பு நிறக் குவியல்கள். நாடா நாடாவாகக் காய்ந்த புல், நடுநடுவே தேங்காய் நாரை உருட்டி வைத்த மாதிரி பந்துகள். குப்பை என்று நினைத்துவிடலாம், பக்கத்தில் வந்த ஒரு அம்மா தன் பிள்ளையிடம் “தொடாதே” என்று சொல்வது கேட்டது. அது பொசிடோனியா என்ற கடற்புல். பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் நிஜமான செடி, கடலடியில் வயல் வயலாக வளர்வது. உதிர்ந்த இலை கரையில் மெத்தை மாதிரி படிந்து அலை மணலை அரித்துப் போகாமல் காக்கிறது, இலையின் நார்களை அலை உருட்டி உருட்டிப் பந்தாக்கிவிடுகிறது. ஹோட்டல் கடற்கரைகளில் இதைக் காலையிலேயே எந்திரம் வைத்து வாரிவிடுவார்கள். இங்கே யாரும் வாரவில்லை. ஒரு பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலேசாக, உலர்ந்து, உள்ளே வரை நார்தான், பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரியே இருக்கிறது.

குளித்தோம். தண்ணீர் நல்ல சூடு. வங்கக்கடலை விட உப்பு அதிகம் என்பது உதட்டிலேயே தெரிகிறது. இந்தப் பக்கம் பெரிய நதிகள் அதிகம் வந்து சேர்வதில்லை, வெயில் மட்டும் கொளுத்துகிறது, ஒரு லிட்டருக்கு 39 கிராம் போல உப்பு. மிதப்பதற்குக் கை காலே அசைக்க வேண்டாம். கழுத்தளவு ஆழத்தில் நின்று குனிந்தால் என் கால் விரல் நகம் தெரிகிறது. இந்தக் கடல் இவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம் இதில் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு குறைவு என்பதுதான். நம் கரையின் கலங்கல் தண்ணீரில் மீன் நிறைய, இங்கே கண்ணுக்குக் குளிர்ச்சி, மீன் கம்மி. எனக்கு நம் கடல்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

அப்புறம் கூண்டுகள். மணலின் மேல்பகுதியில், புதர்களுக்குக் கொஞ்சம் முன்னால், அங்கங்கே கம்பி வலைக் கூண்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஆமைக் கூடு. நரி வந்து தோண்டக்கூடாது, ஆனால் குஞ்சு வெளியே வர வேண்டும். அதற்கேற்ற அளவில் கம்பி இடைவெளி. கரையோரம் மீன்வளத் துறையின் ஆமை நிலையம் இருக்கிறது, கட்டடம் என்று சொல்ல முடியாது, நிழலுக்குக் கூரை, விளக்கப் பலகைகள், அவ்வளவுதான். வெள்ளம் வரும் இடத்தில் இட்ட முட்டைகளை இங்கே எடுத்து வந்து வேலி போட்ட மணலில் புதைக்கிறார்கள். சென்னையில் நாங்கள் செய்வதும் இதேதான். அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை.

சைப்ரஸ் சட்டம் 1971லேயே ஆமைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. 1978இல் மீன்வளத் துறை இந்தக் கரையில் வேலையை ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஆந்திரேயாஸ் டிமெட்ரோபூலோஸ், மிரூலா ஹாஜிகிறிஸ்டோஃபோரு என்ற இரண்டு பேர். 1989இல் லாராவையும் டொக்ஸெஃப்ட்ராவையும் சேர்த்து, கடலில் இருபது மீட்டர் ஆழம் வரைக்கும், காப்பகமாக அறிவித்தார்கள். இங்கே முட்டையிடுவது இரண்டு வகை: பேராமை, பெருந்தலை ஆமை. முதல் உலகப்போருக்குப் பிறகு இந்தக் கிழக்கு மூலைக் கடலில் பேராமைகளைக் கணக்கில்லாமல் பிடித்து எகிப்துக்கும் இங்கிலாந்துக்கும் ஏற்றினார்கள், பாதியும் சூப்புக்கு. மிஞ்சியவற்றின் வாரிசுகள்தான் இன்று வருகின்றன. ஒரு பேராமை வளர்ந்து முதல் முட்டையிட இருபது முப்பது வருஷம் ஆகும். 1978இல் ஒரு குஞ்சைக் கடலில் விட்ட ஒருவர் அதன் பலனைப் பார்க்க ஒரு தலைமுறை காத்திருந்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் நம்பிக்கை விடாமல் காலையில் எழுந்து இந்த மணலில் நடந்தார்களே! இப்போது கூடுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1960இல் சைப்ரஸ் சுதந்திரம் வாங்கியபோது, அக்காமாஸில் சுடும் பயிற்சி நடத்தும் உரிமையைப் பிரிட்டிஷ் ராணுவம் தன்னிடம் வைத்துக்கொண்டது. பீரங்கிக் குண்டு விழும் இடத்தில் யார் வந்து ஹோட்டல் கட்டுவார்கள்? இந்தக் கரை தப்பிப் பிழைத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

விதிகள் பலகையில் எழுதியிருக்கின்றன. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை: குடை நடக்கூடாது (கம்பு கூட்டைக் குத்திவிடும்), சாய்வு நாற்காலி கிடையாது, கூடாரம் கிடையாது, படகு வரக்கூடாது, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து மறுநாள் விடியும் வரை யாரும் கரையில் இருக்கக்கூடாது. அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரையை வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கூடவே ஹலூமி பாலாடைக்கட்டியும் தர்பூசணியும். இங்கே வெயில் காலத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள், உப்பும் இனிப்பும், நம் கொய்யாப்பழத்தில் உப்பு மிளகாய்த்தூள் தொட்ட மாதிரி ஒரு பொருத்தம். தர்பூசணிக்கு இவர்கள் வார்த்தை கர்பூஸி. கேட்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆறு மணி தாண்டியதும் நிலையத்தில் இருந்த ஒரு பெண் கரை நெடுக நடந்து வந்து ஒவ்வொருவரிடமும் நேரம் ஆகிவிட்டது என்று சொன்னாள். யாரும் முணுமுணுக்கவில்லை. சூரியன் மறையப்போகும் நேரம், கடல் தங்கமாக மாறிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் கிளம்பச் சொல்கிறார்கள், எல்லோரும் துண்டை மடித்துக்கொண்டு ஏறினார்கள். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். கரையில் ஒருவர்கூட இல்லை. அந்தக் காட்சிக்காகவே இங்கே வரலாம்.

நாள் 4: விடியற்காலை

நாலரைக்கு எழுந்தோம். அந்த நிலையத்துப் பெண் நேற்று சொல்லியிருந்தாள், ஒரு கூடு மூன்று நாளைக்கு முன்னால் பொரிந்துவிட்டது, காலையில் திறந்து பார்ப்போம், விருப்பம் இருந்தால் வாருங்கள், சூரியன் வந்தபிறகு.

இருட்டில் அந்தப் பாதையில் ஓட்டியது பயமாகத்தான் இருந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆறேகால் போல மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் உதிக்காது, மலை நிழல் மணல்மேல் கிடக்கும், கடல் மட்டும் முதலில் விடியும்.

மணலில் கால் வைத்ததும் நான் நின்றுவிட்டேன். ராத்திரி முழுக்க அங்கே நடந்ததெல்லாம் எழுதி வைத்த மாதிரி இருந்தது. நரியின் காலடி ஒரே நேர்கோட்டில் போய் ஒரு கூண்டைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. நண்டு வளைகளைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தடம். ஒரு கூண்டிலிருந்து விசிறி விரித்த மாதிரி நாற்பது ஐம்பது சின்னத் தடங்கள் கடலை நோக்கிப் போயிருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம், நடுவில் மெல்லிய கோடு. எல்லாம் ஒரே திசையில். ஒன்றுகூட மலைப்பக்கம் திரும்பவில்லை. என் ஊரில் குஞ்சுகள் தெருவிளக்கின் பக்கம் திரும்பி ரோட்டுக்குப் போய்விடும். நாங்கள் கூடையோடு ஓடிப் பொறுக்குவோம். இங்கே பொறுக்க ஆளே தேவைப்படவில்லை. ராத்திரியில் இந்தக் கரையின் வெளிச்சமான பக்கம் கடல்தான்.

ஏழு மணிக்கு அந்தப் பெண்ணும் கூட ஒரு பையனும் வந்தார்கள். எங்களை நான்கு அடி தள்ளி உட்காரச் சொன்னார்கள். கூண்டை எடுத்துவிட்டு அவள் முழங்காலிட்டுக் கையாலேயே தோண்டினாள், முழங்கை வரை உள்ளே போனது. முதலில் வந்தது ஓடுகள். ஆமை முட்டை ஓடு கோழி முட்டை மாதிரி உடையாது. நமுத்த அப்பளம் மாதிரி மடங்கிச் சுருண்டு வருகிறது. பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினாள், நூற்று மூன்று ஓடு. இது பேராமைக் கூடு, பெருந்தலை ஆமை என்றால் எண்பது போலத்தான் இருக்கும். பொரியாத முட்டைகள் ஏழு, கெட்டுப்போன நாற்றம் பொறுக்க முடியவில்லை. அவள் முகம் சுளிக்கவே இல்லை.

கடைசியில், குழியின் அடியில், இரண்டு குஞ்சுகள் உயிரோடு இருந்தன. மேலே இருந்த மணலும் ஓடுகளும் அழுத்தி ஏற முடியாமல் மாட்டிக்கொண்டவை. ஒன்றை மணலில் விட்டாள். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். முதுகு கறுப்பு, ஓரத்தில் சுண்ணாம்பில் கோடு இழுத்த மாதிரி வெள்ளை, வயிறும் வெள்ளை. கண்ணிமையில் மணல் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் செத்த மாதிரி கிடந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முன்துடுப்பு ஒன்று அசைந்தது. இன்னொன்று அசைந்தது. தலையைத் தூக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்து, நடக்க ஆரம்பித்தது.

கையில் எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடலாமே என்று அண்ணன் கேட்டான். கூடாது என்றாள். அந்தக் கொஞ்ச தூரத்தை அதுவே நடக்க வேண்டும். கரையின் ஏதோ ஒன்று அப்போதுதான் அதன் மனசில் பதிகிறது, வளர்ந்து இதே பக்கம் திரும்பி வர அது உதவும் என்று நம்புகிறோம் என்றாள். பெண்ணா ஆணா என்று கேட்டேன். பார்த்துச் சொல்ல முடியாது, மணல் சூடாக இருந்தால் பெண், கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால் ஆண், 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண்கள்தான் அதிகம் என்றாள்.

பதினைந்து மீட்டர் தூரத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. ஒரு காலடிப் பள்ளத்தில், என்னுடைய செருப்புப் பள்ளத்தில்தான், விழுந்து ஏற முடியாமல் நான்கு தடவை சறுக்கியது. பையன் கையால் மணலைச் சமன் செய்து கொடுத்தான். முதல் அலை வந்து அதைத் தூக்கி மறுபடி பின்னால் போட்டது. இரண்டாவது அலையும் அப்படியே. மூன்றாவது அலையில் போய்விட்டது. தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் அது நீந்துவதையும் பார்த்தோம், தரையில் அப்படித் தடுமாறியது தண்ணீர் பட்டதும் பறவை மாதிரி சிறகடித்துப் போனது. கறுப்புப் புள்ளியாகி, கடற்புல் திட்டின் நிழலில் கலந்துவிட்டது.

இரண்டாவது குஞ்சுக்குத் தெம்பு போதவில்லை. அதை ஈர மணலோடு ஒரு பெட்டியில் நிழலில் வைத்திருக்கிறார்கள், இருட்டியதும் விடுவார்கள்.

அதற்கப்புறம் அன்று முழுக்க வேறு எதுவும் எழுதும்படி நடக்கவில்லை. மத்தியானம் பெயியாவுக்குத் திரும்பித் தூங்கினோம். சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்து, ஓடு எத்தனை, குஞ்சு எத்தனை என்று எல்லாம் ஒப்பித்தேன். வலதுபக்கம் அதே இருட்டு.

நாள் 5: திரும்பும் நாள்

காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மறுபடி லாராவுக்குப் போனோம். அந்தப் பெண் வேலையாக இருந்தாள், எங்களைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பெட்டியில் இருந்தது நேற்று ராத்திரி போய்விட்டதாம்.

திரும்பும் வழியில் இனியாவுக்கு ஏறினோம். பெரியவரைக் காணவில்லை, காப்பிக்கடையில் கேட்டால் மரத்தடிக்குப் போயிருப்பார் என்றார்கள். அதே கடையில் கரோப் பாகு நான்கு பாட்டில், தேன் இரண்டு பாட்டில் வாங்கினோம், சர்க்கரை அளவாகப் போட்ட மெட்ரியோ காப்பி குடித்தோம். இங்கே தங்க அறை கிடைக்குமா என்று அண்ணன் விசாரித்தான். கிடைக்கும், நம்பர் எழுதிக்கொண்டான். அடுத்த தடவை கீழே தங்காமல் இந்த ஊரிலேயே தங்குவது என்று முடிவு.

அடுத்த தடவை என்பது சீக்கிரமே. வடக்கு ஓரத்தில் ஒரு கூண்டில் இட்ட தேதி எழுதியிருந்தது, ஏழு வாரக் கணக்குப் போட்டால் செப்டம்பர் இரண்டாவது வாரம் பொரிய வேண்டும். நான் அதற்குள் சென்னைக்குப் போயிருப்பேன். அண்ணன் போனை எடுத்து அந்தச் சனிக்கிழமையில் மகன் பெயரையும் தன் பெயரையும் போட்டு, விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்தான். அண்ணி பெயரைப் போடவில்லையா என்று கேட்டேன். “அவதான்டி வண்டி ஓட்டப்போறா” என்றான்.